யூவிங் சர்க்கோமா: பயொப்சி அறிக்கையின் நிறமூர்த்த வரியை வாசிப்பது எப்படி

பிள்ளையின் தொடையிலோ இடுப்பிலோ வந்த வீக்கத்திலிருந்து சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியாகிவிட்டது. கொஞ்ச நாளில் ஒரு தாள் கைக்கு வரும். அது முழுக்க இங்கிலீஷில் இருக்கும். மலையகத் தேயிலைத் தோட்டத்தில் அதை வாசித்துச் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் ஓ.எல். படிக்கும் அக்கா, இல்லாவிட்டால் பாடசாலை சேர், அதுவும் இல்லாவிட்டால் டிஸ்பென்சரி ஐயா. இந்த வழிகாட்டி அவர்களுக்காகவும், தாளை அவர்களிடம் நீட்டிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் தாய் தகப்பனுக்காகவும்.

அந்தத் தாளில் நோயின் பெயரை உறுதிசெய்வது ஒரு வரிதான். 11ஆம் நிறமூர்த்தமும் 22ஆம் நிறமூர்த்தமும் ஒன்றோடொன்று துண்டு மாறிக்கொண்டனவா என்பதைச் சொல்லும் வரி அது. அந்த மாற்றம்தான் யூவிங் சர்க்கோமா என்ற எலும்புப் புற்றுநோயின் அடையாளம். அந்த வரி சரியாக வர வேண்டுமானால், துண்டு எடுக்கும் நாளுக்கு முன்பிருந்தே சில காரியங்கள் சரியாக நடக்க வேண்டும். ஆகவே அங்கிருந்து தொடங்குகிறோம். சொற்களைப் பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் உள்ளபடியே வைத்திருக்கிறோம்: கலம், கரு, நிறமூர்த்தம், பரம்பரையலகு, புரதம். கலத்தின் கருவுக்குள் டி.என்.ஏ.யைச் சுமக்கும் இழைதான் நிறமூர்த்தம்; அதில் ஒரு புரதத்தை உண்டாக்கும் கட்டளை பரம்பரையலகு.

துண்டு எடுப்பதற்கு முன்

இந்த நோய் பெரும்பாலும் 10 முதல் 20 வயதுக்குள் வரும். இடுப்பெலும்பு, தொடையெலும்பு, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்புகள், விலா எலும்பு ஆகியவற்றில் அடிக்கடி தோன்றும். ஆரம்பத்தில் வலி வரும், போகும், அதனால்தான் ஏமாந்துபோகிறோம். ஓடி ஏறிய படிக்கட்டில் பிள்ளை பாதியில் நின்று காலைப் பிடித்தால், ‘வளர்ற வயசு, வலிக்கத்தான் செய்யும்’ என்று விட்டுவிடுவது வழக்கம். வளரும் வயதின் வலி இரண்டு காலிலும் வரும். மாலையிலோ இரவிலோ வந்து விடிந்ததும் இல்லாமல் போகும். பிள்ளை நொண்டாது. ஒரே இடத்தில் வலிப்பது, தூக்கத்திலிருந்து எழுப்புவது, வாரத்துக்கு வாரம் கூடுவது, தொட்டால் கட்டி தட்டுப்படுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே தேவை. இரண்டு வாரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

எக்ஸ்ரேயை முன்னிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டாக எடுக்க வேண்டும். எலும்பு முழுவதும், மேல் மூட்டும் கீழ் மூட்டும் சேர்ந்து படத்தில் விழ வேண்டும். இடுப்பில் உள்ள கோளாறு முழங்காலில் வலியாகத் தெரிவதுண்டு. முழங்கால் படம் சுத்தமாக இருந்தும் பிள்ளை நொண்டுகிறது என்றால், இடுப்பையும் படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் போட்டு வழிப்பதையும், பத்துப் போட்டு இறுக்கிக் கட்டுவதையும் நிறுத்திவிடுங்கள். உள்ளே அரித்துப்போன எலும்பு அந்த அழுத்தத்தில் முறியக்கூடும். முறிந்தால் புற்றுக் கலங்கள் இரத்தத்தோடு சேர்ந்து சுற்றியுள்ள தசைக்குள் கசியும். காலை வெட்டாமல் காப்பாற்றும் சத்திரசிகிச்சை அதனால் கடினமாகிவிடும்.

இன்னொரு பொறி காய்ச்சல். சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் அடிக்கும், இரத்தத்தில் ஈ.எஸ்.ஆர். என்ற அழற்சி அளவு கூடியிருக்கும், வீங்கிய இடம் சுடும். பார்ப்பதற்கு எலும்பில் சீழ் பிடித்தது போலவே இருக்கும். எக்ஸ்ரேயில் எலும்பின் மேல்தோல் வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காகத் தெரிவது யூவிங்கின் பழைய அடையாளம். ஆனால் சீழ்ப் பிடிப்பிலும் அப்படி வரலாம். அன்டிபயோட்டிக் கொடுத்தும் சரியாகாமல், திறந்து பார்க்கத் தீர்மானித்தால், வைத்தியரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: எடுப்பதில் ஒரு பங்கு கிருமிப் பரிசோதனைக்கும் ஒரு பங்கு நோயியல் பிரிவுக்கும் போகுமா? யூவிங் கட்டி உள்ளே அழுகிக் கரைந்து, சீழ் மாதிரியே வெளியே வருவதுண்டு. அது சீழ்தான் என்று கழுவி ஊற்றப்பட்டால், நோயின் பெயரும் அதோடு போய்விடும்.

பயொப்சியை யார் செய்வது என்பதும் முக்கியம். ஊசி போன வழியில் புற்றுக் கலங்கள் ஒட்டியிருக்கலாம் என்பதால், கடைசியில் கட்டியை எடுக்கும்போது அந்த வழியையும் சேர்த்தே வெட்டி எடுப்பார்கள். வழி தவறான இடத்தில் இருந்தால் வெட்ட வேண்டிய சதை கூடும். ஆகவே பின்னால் சத்திரசிகிச்சை செய்யப்போகும் குழுவே பயொப்சியையும் செய்வது, அல்லது இடத்தையாவது அவர்கள் சொல்லித் தருவது நல்லது. இலங்கையின் முதன்மையான புற்றுநோய் வைத்தியசாலை மஹரகமவில் உள்ள அபேக்ஷா. கண்டி தேசிய வைத்தியசாலையிலும் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. நுவரெலியாவிலோ பதுளையிலோ டிக்கோயாவிலோ படம் பார்த்துச் சந்தேகப்பட்டால், அங்கேயே அவசரமாகக் கீறாமல் மேலே அனுப்பக் கடிதம் எழுதித் தரும்படி கேட்பதில் தவறில்லை. எம்.ஆர்.ஐ. எடுப்பதாக இருந்தால் பயொப்சிக்கு முன் எடுக்க வேண்டும். ஊசி போட்ட பிறகு உள்ளே இரத்தம் கட்டிப் படம் குழம்பிவிடும்.

துண்டு கெடாமல் போய்ச் சேர

நிறமூர்த்தப் பரிசோதனை தவறுவதற்கு நோயைவிடத் துண்டைக் கையாண்ட விதமே பல வேளைகளில் காரணமாகிவிடும். எடுத்த இழையம் 10 சதவீத நடுநிலை போர்மலினில் முழுதாக அமிழ வேண்டும். அளவு, இழையத்தைப்போல் குறைந்தது பத்து மடங்கு. ஒரு தேக்கரண்டி இழையத்துக்குப் பத்துத் தேக்கரண்டி போர்மலின் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சேலைன் தண்ணீரில் போட்டு அனுப்பினால் கலங்கள் ஊறிக் கெட்டுப்போகும். போர்மலினில் நாட்கணக்காக, வாரக்கணக்காகக் கிடந்தாலும் டி.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும், இரண்டு மூன்று நாளுக்குள் ஆய்வுகூடம் அதை மெழுகில் பதித்து மெழுகுக் கட்டியாக்கிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் எடுத்த துண்டு திங்கட்கிழமை போயா வந்ததால் செவ்வாய்வரை அலமாரியில் கிடப்பது இப்படித்தான் வினையாகிறது.

அடுத்தது அமிலம். எலும்பு கடினமானது, மெல்லிய சீவலாக வெட்ட முன் அதிலுள்ள கல்சியத்தைக் கரைக்க வேண்டும். நைத்திரிக் அமிலமோ ஐதரோகுளோரிக் அமிலமோ போட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அதே அமிலம் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டையும் சிதைத்துவிடும், அதன் பிறகு நிறமூர்த்தப் பரிசோதனை செய்தால் ஒளிப்புள்ளியே தெரியாது. இதற்கு வழி இரண்டு. ஈ.டி.டி.ஏ. என்ற இரசாயனத்தில் மெதுவாகக் கல்சியத்தை எடுக்கலாம். நாள் பிடிக்கும், ஆனால் டி.என்.ஏ. பிழைக்கும். அதைவிட எளியது, எலும்புக்கு வெளியே வளர்ந்த மென்மையான கட்டிப் பகுதியைத் தனியாக எடுத்து, அமிலமே படாத தனி மெழுகுக் கட்டியாகச் செய்வது. ‘மென்மையான பகுதிக்கு அமிலம் போட வேண்டாம், யூவிங் சந்தேகம், நிறமூர்த்தப் பரிசோதனை தேவைப்படலாம்’ என்று சத்திரசிகிச்சை வைத்தியர் விண்ணப்பப் படிவத்தில் எழுதினால் போதும். பெற்றோர் கேட்டு எழுதச் சொல்லலாம். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு காரியத்தை மட்டும் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

போத்தலைக் குடும்பத்தார் கையிலேயே கொடுத்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகச் சொல்வதும் உண்டு. அப்படியானால் திருகு மூடி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். பெயரும் இலக்கமும் மூடியில் அல்ல, போத்தலின் உடம்பில் ஒட்டியிருக்க வேண்டும். மூடி மாறிப்போகும், போத்தல் மாறாது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பொலித்தீன் பைக்குள் நிமிர்த்தி வையுங்கள். படிவத்தை வேறு பையில் வையுங்கள்; ஒழுகினால் எழுத்து அழிந்துவிடும். ஐஸில் வைக்க வேண்டாம், உறைந்தால் கலம் உடையும். திறந்து பார்க்க வேண்டாம். போர்மலின் கண்ணையும் மூக்கையும் எரிக்கும், கையில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். மெழுகுக் கட்டி என்றால் பஸ்ஸின் என்ஜின் மூடிமேலோ வெயில் படும் கண்ணாடியோரமோ வைக்காதீர்கள், சூட்டில் இளகிவிடும்.

அறிக்கையில் மூன்று அடுக்கு

முதல் அடுக்கு, நுணுக்குக்காட்டியில் கலம் எப்படித் தெரிகிறது என்பது. ‘சிறிய, உருண்டையான, நீல நிறக் கலங்கள்’ என்ற கருத்தில் எழுதியிருப்பார்கள். இது நோயின் பெயர் அல்ல. யூவிங், நிணநீர்ப் புற்றான லிம்போமா, நரம்புப் புற்றான நியூரோபிளாஸ்டோமா, தசைப் புற்றான ரப்டோமயோசர்க்கோமா எல்லாமே இப்படித்தான் தெரியும். இந்த வரியோடு வாசிப்பை நிறுத்தி இணையத்தில் தேடத் தொடங்குவதுதான் வீண் பயத்துக்கு வழி.

இரண்டாவது, சாயமேற்றல். குறிப்பிட்ட புரதத்தைப் பிடிக்கும் பிறபொருளெதிரிகளை ஊற்றி, நிறம் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். சி.டி.99 என்பது யூவிங் கலத்தின் ஓரம் முழுதும் கோடு கீறினாற்போல் நிறமேறும். அது இல்லாமல் யூவிங் என்று சொல்வது மிக அரிது. ஆனால் சி.டி.99 வேறு நோய்களிலும் நிறமேறும். சில இரத்தப் புற்றுகளிலும் வரும். என்.கே.எக்ஸ்.2.2 என்பது கருவுக்குள் நிறமேறும். இரண்டும் சேர்ந்து வந்தால் சந்தேகம் பலமாகிறது. அறிக்கையில் சில பெயர்களுக்கு எதிரே ‘நெகட்டிவ்’ என்று வரிசையாக இருக்கும். அது கெட்ட செய்தி அல்ல. டெஸ்மின் நெகட்டிவ் என்றால் தசைப் புற்று அல்ல என்று ஒதுக்குகிறார்கள், சி.டி.45 நெகட்டிவ் என்றால் லிம்போமா பக்கம் சாயவில்லை.

மூன்றாவது அடுக்குதான் நிறமூர்த்தம்.

அந்த வரியை எழுத்தெழுத்தாக

தாளில் அது t(11;22)(q24;q12), அதாவது டி(11;22)(கியூ24;கியூ12) என்று வரும். முன்னாலிருக்கும் சிறிய ‘டி’ இடமாற்றத்தைக் குறிக்கிறது. முதல் அடைப்பில் இருப்பவை இடம் மாறிய நிறமூர்த்தங்களின் இலக்கம். நிறமூர்த்தத்துக்கு மையப்பாத்து என்ற ஒடுங்கிய இடத்தின் இரு பக்கமும் இரண்டு புயங்கள்; குட்டையானது ‘பி’, நீளமானது ‘கியூ’. ஆகவே கியூ24 என்றால் 11ஆம் நிறமூர்த்தத்தின் நெடும்புயத்தில் 24 என்று குறித்த பட்டை, கியூ12 என்றால் 22ஆம் நிறமூர்த்தத்தின் நெடும்புயத்தில் 12 என்று குறித்த பட்டை. அந்த இரண்டு இடத்திலும் முறிந்து, நுனிகள் மாறி ஒட்டிக்கொண்டன. அவ்வளவுதான் அந்த வரியின் பொருள்.

பேராதெனிய சந்தியில் பதுளை ரயிலும் மாத்தளை ரயிலும் நிற்கின்றன என்று வையுங்கள். இரண்டின் பின்பெட்டிகளையும் கழற்றி மாற்றிக் கொளுவிவிட்டார்கள். ஒரு பெட்டியும் தொலையவில்லை. ஆனால் எந்த என்ஜின் எந்தப் பெட்டியை இழுக்கிறது என்பது மாறிவிட்டது. 22ஆம் நிறமூர்த்தத்தில் முறிந்த இடத்தில் இருப்பது ஈ.டபிள்யூ.எஸ்.ஆர்.1 என்ற பரம்பரையலகு. ஏறக்குறைய எல்லாக் கலங்களிலும் எந்நேரமும் ஓடும் என்ஜின் அது. 11இல் முறிந்த இடத்தில் இருப்பது எஃப்.எல்.ஐ.1, சாதாரணமாகச் சில வகைக் கலங்களில் மட்டும், தேவைக்கேற்ப ஓடுவது. இப்போது அதன் பின்பாதி, நிற்காத என்ஜினில் கொளுவப்பட்டுவிட்டது.

இரண்டும் சேர்ந்து ஒரு கலப்புப் புரதத்தை உண்டாக்குகின்றன. அதன் எஃப்.எல்.ஐ.1 பாதி டி.என்.ஏ.யைப் பிடிக்கும் கை. ஈ.டபிள்யூ.எஸ்.ஆர்.1 பாதி, பிடித்த இடத்தை முடுக்கிவிடும் விசை. நமது டி.என்.ஏ.யில் ஜி-ஜி-ஏ-ஏ என்ற நான்கு எழுத்து திரும்பத் திரும்ப வரும் நீண்ட பகுதிகள் உண்டு. சாதாரணமாக அவை சும்மா கிடப்பவை. கலப்புப் புரதம் அங்கே போய் உட்கார்ந்து, பக்கத்தில் மூடிக்கிடந்த பரம்பரையலகுகளைத் திறக்கிறது. வேறு பலவற்றை மூடுகிறது. கலம் தான் என்னவாக முதிர வேண்டும் என்பதை மறந்து, பெருகிக்கொண்டே போகிறது. என்.கே.எக்ஸ்.2.2 நிறமேறுவதற்கும் காரணம் இதுதான். கலப்புப் புரதம் திறந்துவிட்டவற்றில் அதுவும் ஒன்று.

யூவிங் நோயாளரில் ஏறக்குறைய 85 சதவீதத்தினருக்கு இந்த 11–22 ஜோடிதான். இன்னும் 10 சதவீதம் அளவில் 22ஆம் நிறமூர்த்தம் 21உடன் மாறிக்கொள்கிறது. அங்கே பங்காளி ஈ.ஆர்.ஜி. என்ற பரம்பரையலகு. மிகச் சிலரில் 7, 17, 2 ஆகிய நிறமூர்த்தங்களில் உள்ள பங்காளிகள். பங்காளி யாராக இருந்தாலும் நோய் யூவிங்தான், சிகிச்சையும் ஒன்றேதான்.

ஜேம்ஸ் யூவிங் 1921இல் இந்தக் கட்டியை விவரித்தபோது நுணுக்குக்காட்டித் தோற்றம் மட்டுமே கையிலிருந்தது. 11–22 மாற்றம் 1983இல் தெரியவந்தது. ஒட்டிக்கொண்ட பரம்பரையலகுகள் இன்னவை என்று 1992இல் பிடிபட்டது. அதுவரை வேறு நோய்கள் என்று கருதப்பட்ட பி.என்.இ.டி., நெஞ்சுச் சுவரில் வரும் ஆஸ்கின் கட்டி இரண்டும் இதே மாற்றத்தைக் கொண்டிருந்ததால் ஒரே குடும்பமாகின. உங்கள் தாளில் அந்தப் பழைய பெயர்கள் இருந்தால் குழம்ப வேண்டாம்.

ஃபிஷ் பரிசோதனை: பச்சை, சிவப்பு, மஞ்சள்

இந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் செய்வது ஃபிஷ். ஈ.டபிள்யூ.எஸ்.ஆர்.1இன் ஒரு பக்கத்தில் சிவப்பாக ஒளிரும் சாயத்தையும் மறுபக்கத்தில் பச்சையாக ஒளிரும் சாயத்தையும் ஒட்டவிடுவார்கள். இருட்டறையில் விசேட நுணுக்குக்காட்டியில் பார்த்தால், நீலமாக மங்கித் தெரியும் ஒவ்வொரு கருவுக்குள்ளும் ஊசிமுனை அளவு ஒளிப்புள்ளிகள். நல்ல கலத்தில் சிவப்பும் பச்சையும் நெருங்கி ஒட்டி மஞ்சளாகத் தெரியும். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு மஞ்சள். நோய்க் கலத்தில் ஒரு மஞ்சள் மட்டும் இருக்கும். மற்றது உடைந்து சிவப்பு ஒரு மூலையிலும் பச்சை ஒரு மூலையிலும் பிரிந்து கிடக்கும்.

ஆய்வுகூடத்தில் ஒருவர் இப்படி ஒவ்வொரு கருவாக எண்ணுகிறார். அறிக்கையில் எத்தனை கலம் எண்ணினார்கள், அதில் எத்தனையில் பிரிந்திருந்தது என்ற இரண்டு எண்களையும் தேடுங்கள். இழையத்தைச் சீவும்போது கரு பாதியாக வெட்டுப்படுவதால் நல்ல இழையத்திலும் சில கலங்கள் பிரிந்ததுபோல் தெரியும். ஆகவே ஒவ்வோர் ஆய்வுகூடமும் தனக்கென ஓர் எல்லை வைத்து, அதற்கு மேல் போனால்தான் ‘பொசிட்டிவ்’ என்று எழுதும். எண்களே இல்லாமல் ‘பொசிட்டிவ்’ என்று மட்டும் இருந்தால் கேட்டுப் பெறுங்கள்.

ஃபிஷ்ஷுக்கு ஒரு குறை உண்டு. ஈ.டபிள்யூ.எஸ்.ஆர்.1 உடைந்தது என்று சொல்லும், யாரோடு ஒட்டியது என்று சொல்லாது. அதே பரம்பரையலகு வேறு சில சதைப் புற்றுகளிலும் உடைகிறது. வயிற்றுக்குள் வரும் டெஸ்மொபிளாஸ்டிக் கட்டியில் அது டபிள்யூ.டி.1 உடன் ஒட்டும். ஆகவே முதல் இரண்டு அடுக்கும் மூன்றாவதும் ஒத்துப்போக வேண்டும். பங்காளியின் பெயரும் தெரிய வேண்டுமானால், ஆர்.என்.ஏ.யிலிருந்து பார்க்கும் ஆர்.டி.-பி.சி.ஆர். அல்லது ஆர்.என்.ஏ. வரிசை வாசிப்பு வேண்டும். ஆர்.என்.ஏ. சீக்கிரம் கெடுவது, நாம் மேலே அமிலத்தைப் பற்றி அவ்வளவு சொன்னதன் காரணம் அங்கே விளங்கும். ‘வகை 1’, ‘வகை 2’ என்று ஒட்டிய இடத்தைக் குறித்திருந்தால் அதை வைத்து மனதைப் போட்டு அலட்ட வேண்டாம். வகை 1 நல்லது என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். இன்றைய சிகிச்சையில் அந்த வேறுபாடு இல்லை என்று பின்னர் தெளிவானது.

‘நெகட்டிவ்’ என்று வந்தால்

உடனே ‘கான்சர் இல்லை’ என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். சாயம் சரியாக ஏறியதா என்பதுதான் முதற்கேள்வி. இழையம் கெட்டிருந்தால் ‘பார்க்க முடியவில்லை’ என்பதே சரியான விடை, ‘நெகட்டிவ்’ அல்ல. ஈ.ஆர்.ஜி.யோடு ஒட்டும்போது இரண்டு பரம்பரையலகும் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் முறிவு சிக்கலாக நடக்கும், ஃபிஷ்ஷில் அது பிடிபடாமலும் போகலாம். ஈ.டபிள்யூ.எஸ்.ஆர்.1க்குப் பதிலாக அதன் உறவான எஃப்.யூ.எஸ். ஒட்டும் அரிய வகையும் உண்டு. இன்னும், யூவிங்கைப் போலத் தெரிந்தும் யூவிங் அல்லாத, சி.ஐ.சி., பி.சி.ஓ.ஆர். என்ற பரம்பரையலகுகளில் மாற்றமுள்ள சர்க்கோமாக்கள் இருக்கின்றன. உலக சுகாதார அமைப்பின் 2020 வகைப்படுத்தல் அவற்றைத் தனியாகப் பிரித்துள்ளது. இந்த நிலையில் இரண்டாவது நோயியல் நிபுணரின் கருத்தைக் கேட்பது எவரையும் அவமதிப்பதாகாது. மெழுகுக் கட்டியையோ சாயமேற்றாத கண்ணாடிச் சீவல்களையோ ஆய்வுகூடத்தில் கேட்டால் முறைப்படி தருவார்கள். மெழுகுக் கட்டி ஒன்றே ஒன்றுதான் என்றால் சீவல்களை மட்டும் வாங்குங்கள்.

அறிக்கையின் கடைசியில் 8ஆம் நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதில் மூன்று, 1ஆம் நிறமூர்த்தத்தின் நெடும்புயம் கூடுதல், எஸ்.டி.ஏ.ஜி.2 அல்லது டி.பி.53 என்ற பரம்பரையலகில் விகாரம் என்று மேலும் சில வரிகள் இருக்கக்கூடும். எஸ்.டி.ஏ.ஜி.2உம் டி.பி.53உம் சேர்ந்து வந்தால் நோய் கடுமையாக இருக்கும் என்று கண்டிருக்கிறார்கள். ஆனால் பிள்ளைக்கு எந்த மருந்து என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இவை அல்ல. நோய் சுவாசப்பைக்கோ வேறு எலும்புக்கோ என்பு மச்சைக்கோ பரவியதா, கட்டி எங்கே, எவ்வளவு பெரிது, முதற்கட்டக் கீமோவுக்குப் பிறகு கட்டியில் எவ்வளவு செத்துப்போனது என்பவையே தீர்மானிக்கின்றன.

‘எங்களால் வந்ததா?’

இந்தக் கேள்வியைத் தாய்மார் வாய்விட்டுக் கேட்பது குறைவு. ஆகவே கேட்காமலே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த முறிவு பிறவியிலேயே வந்தது அல்ல. பிள்ளையின் உடம்பில் ஏதோ ஒரு கலத்தில், பிறகு நடந்தது. அந்தக் கலமும் அதன் வழித்தோன்றல்களும் மட்டுமே இந்த மாற்றத்தைச் சுமக்கின்றன. பிள்ளையின் மற்றக் கலங்களில் 11உம் 22உம் சரியாகவே உள்ளன. ஆகவே தாய் தகப்பனின் இரத்தத்தில் இதைத் தேடுவதில் பயனில்லை. தம்பி தங்கைக்கு இதற்காகப் பரிசோதனை தேவையில்லை. மாமன் மகளைக் கட்டியதால் வந்தது என்று பேசுபவர்கள் இருப்பார்கள். சொந்தத்தில் கல்யாணம் வேறு சில பரம்பரை நோய்களின் வாய்ப்பைக் கூட்டும், இதை அல்ல. கிரகணத்தில் வெளியே போனதாலும் அல்ல, செய்வினையாலும் அல்ல. படிக்கட்டில் விழுந்ததால் கட்டி வருவதில்லை. விழுந்ததால் ஏற்கெனவே இருந்த கட்டி கண்ணில் படும். தொற்றாது, ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிக்கலாம், ஒரே பாயில் படுக்கலாம்.

‘அந்த நிறமூர்த்தத்தையே சரிசெய்ய மருந்து இல்லையா?’ என்று பிள்ளையே கேட்கும். இன்றைய வழக்கமான சிகிச்சையில் இல்லை. கலப்புப் புரதம் ஒரு நிலையான உருவம் இல்லாமல் நெகிழ்ந்து கிடப்பதால் மருந்து பற்றிக்கொள்ள அதில் இடுக்கு கிடைப்பது கடினம். ஆனால் யூவிங் கலங்கள் கீமோவுக்கும் கதிர்ச் சிகிச்சைக்கும் நன்றாக இணங்குபவை. பரவாத நிலையில் பிடிபட்டு முழுச் சிகிச்சையும் பெறுபவர்களில் பத்துக்கு ஏழு பேர் அளவில் ஐந்து ஆண்டைத் தாண்டுகிறார்கள் என்பது நல்ல மையங்களின் கணக்கு. பரவிய பின் வந்தால் அது மூன்று பேர் அளவுக்கு இறங்கிவிடும்.

ஒஸ்டியோசர்க்கோமா என்று எழுதியிருந்தால்

ஒஸ்டியோசர்க்கோமா இன்னோர் எலும்புப் புற்றுநோய். அதன் அறிக்கையில் இப்படி ஒரு நிறமூர்த்த வரி இருக்காது. பரிசோதனையை விட்டுவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். ஒஸ்டியோசர்க்கோமாவில் ஒரே இடத்து முறிவு இல்லை. பல நிறமூர்த்தங்கள் நொறுங்கித் தாறுமாறாக ஒட்டியிருக்கும். புற்றுக் கலமே புதிய எலும்புப் பொருளைச் சுரக்கிறதா என்று நுணுக்குக்காட்டியில் பார்த்துத்தான் அதை உறுதிசெய்கிறார்கள். அது பெரும்பாலும் முழங்காலைச் சுற்றி, எலும்பு வளரும் முனையருகே வரும். இங்கேதான் குடும்பக் கதை முக்கியம். 17ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள டி.பி.53, 13இல் உள்ள ஆர்.பி.1 ஆகிய பரம்பரையலகுகளில் ஒன்றில் பிறவியிலேயே குறையுள்ள குடும்பங்கள் உண்டு. பிள்ளைக்கோ நெருங்கிய உறவுக்கோ குழந்தைப் பருவத்தில் கண் புற்று வந்திருந்தாலோ, இளவயதில் மார்புப் புற்று, மூளைக் கட்டி, சதைப் புற்று பலருக்கு வந்திருந்தாலோ, கேட்காவிட்டாலும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

தாள் வந்த பிறகு

கேட்க வேண்டியவற்றைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். தமிழும் அரசகரும மொழி. விளங்காவிட்டால் தமிழ் தெரிந்த தாதியையோ வைத்தியரையோ கூப்பிடும்படி கேட்பது உங்கள் உரிமை. நோயின் பெயர் நிறமூர்த்தப் பரிசோதனையால் உறுதியாகிவிட்டதா, சாயத்தை வைத்து மட்டும் சொல்கிறீர்களா? சுவாசப்பை சி.டி., எலும்பு ஸ்கேன், இரண்டு பக்க இடுப்பெலும்பு மச்சைப் பரிசோதனை முடிந்தனவா? டொக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து இதயத்தைப் பாதிக்கும் என்பதால், எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தாயிற்றா? வயதுக்கு வந்த பிள்ளையானால், பிற்காலத்தில் பிள்ளை பெறும் வாய்ப்பைக் காக்க மருந்து தொடங்குமுன் ஏதும் செய்யலாமா? கடைசிக் கேள்வி கூச்சமாக இருக்கும். மருந்து ஏற்றிய பிறகு கேட்டுப் பயன் குறைவு.

சிகிச்சையில் வின்கிறிஸ்டின், டொக்சோரூபிசின், சைக்ளோபொஸ்பமைட் ஒரு சுற்று, ஐபொஸ்பமைட், எட்டோபோசைட் மறு சுற்று என்று மாறி மாறி வருவது வழக்கம். மாதக்கணக்கில் நீளும். இடையில் வீட்டுக்கு வரும்போது ஒன்றே ஒன்று உயிரோடு விளையாடும்: காய்ச்சல். மருந்து ஏற்றி ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் வெள்ளைக் கலங்கள் விழுந்துவிடும். வெப்பமானியில் 38 பாகை காட்டினால் பனடோல் கொடுத்து விடியும்வரை பார்க்கக் கூடாது. அந்த மணித்தியாலமே வைத்தியசாலை. டிவிசனிலிருந்து கடைசி பஸ் போன பிறகுதான் காய்ச்சல் வரும் என்று வைத்துக்கொண்டு, த்ரீவீலர்காரர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். பெரிய றோட்டிலிருந்து லயத்துக்கு வழி சொல்ல, பக்டரியோ கோயிலோ ஓர் அடையாளத்தை எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

கோப்பு பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. நமது பெயர்கள் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் கிளினிக் கொப்பியில் இன்னொரு விதமாகவும் எழுதப்பட்டிருப்பது சாதாரணம். தகப்பன் பெயர் முன்னும் பின்னுமாக மாறியிருக்கும். பயொப்சிப் படிவம் நிரப்பும் அன்றே சான்றிதழைக் காட்டி ஒரே எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். பிறகு வரும் ஒவ்வொரு தாளிலும் பெயர், வயது, ஆய்வுகூட இலக்கம், மெழுகுக் கட்டி இலக்கம் நான்கும் ஒத்துப்போகின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள். போனில் படம் எடுத்து இரண்டு பேருக்கு அனுப்பிவையுங்கள். மூலத் தாள்களைப் பொலித்தீன் உறையில் போட்டு, கூரை ஒழுகாத பக்கம், அடுப்புப் புகை படாத இடத்தில் வையுங்கள். சிகிச்சை முடிந்து முடி முளைத்துப் பிள்ளை பாடசாலைக்குப் போன பிறகும் எறிய வேண்டாம். ஆண்டுகள் கழித்து வேறோர் இடத்தில் கட்டி தோன்றினால், பழைய நோய் திரும்பியதா, புதிய நோயா என்று பார்க்க வைத்தியர் முதலில் தேடுவது அந்தப் பழைய அறிக்கையில் 22உடன் ஒட்டியது எது என்று எழுதிய வரியையும், அதற்குப் பக்கத்தில் இருக்கும் மெழுகுக் கட்டியின் இலக்கத்தையும்தான்.